முதல் கையெழுத்துக்காரி

கஜனி அக்காவுக்கு முதுகெலும்பு இல்லை என்று எங்கள் பிளாசாக் கடைத்தொகுதியில் சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நிமிர்ந்து நின்றது அவர் ஒருவர்தான்.

எங்கள் புறநகரான அஜின்கோர்ட்டில் பதினெட்டு வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறார். பக்கத்துக் கடை என்னுடையது. நான்கு வருடத்துக்கு முன், வீதியில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வரப்போகிறது, கார்கள் பிளாசாவுக்குள் திரும்ப முடியாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று கதை வந்தது. கடைக்காரர் சங்கத்துச் செயலாளரான கஜனி அக்காதான் எதிர்ப்பு மனு எழுதினார். முதல் கையெழுத்தையும் போட்டு, வீடுவீடாக ஏறி எழுநூறு பேரிடம் வாங்கினார். தேர்தலில் நின்ற றிச்சர்ட் “பாதை வராது” என்று வாக்குக் கொடுக்க, சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அவர் வென்று நகரசபைக்குப் போனார்.

போன மாதம் அதே றிச்சர்ட், பாதையை ஆதரிக்கப் போவதாக அறிவித்தார். சங்கம் கொதித்தது. தலைவர் சண்முகநாதன் கூட்டம் கூட்டினார்.

“போத்தின பொன்னாடையைத் திருப்பிக் கேப்பம். உவன் ஒரு பச்சோந்தி. கஜனி, நீர் கடிதம் எழுதும்.”

“நான் எழுதமாட்டன் அண்ணை. அவரின்ரை மனசை மாத்தினதே நான்தான்.”

கஜனி அக்காவுக்கு வரும் தையலில் பாதி இந்தச் சங்கத்து வீடுகளிலிருந்துதான். அது தெரிந்தும் எழுந்து நின்றார்.

“போன மாரியிலை பனியிலை சறுக்கி விழுந்து கால் முறிஞ்சு, நாலு மாசம் கார் ஓடேல்லை, பஸ்தான். அது கார் வரிசைக்குள்ளை மாட்டுப்பட்டு வர நாப்பது நிமிசம். என்னோடை குளிருக்கை நிண்டது எங்கடை கடையளிலை வேலை செய்யிற பிள்ளையள். றிச்சர்டைக் கூப்பிட்டன். வந்து நிண்டு பாத்தார். நீங்கள் ஆராவது நிண்டனியளோ?”

“சொன்ன சொல்லிலை நிக்கவேணும்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் நிண்டால் அது வீம்பு.”

“அப்ப பதவியை விடும்,” என்றார் சண்முகநாதன்.

“நானா விடமாட்டன். வேணுமெண்டால் வாக்கெடுத்து விலத்துங்கோ.”

எடுத்தார்கள். விலத்த வேண்டாம் என்றவை இரண்டே கைகள். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது, வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பிந்தித்தான் தூக்கினேன்.

கஜனி அக்கா சங்கத்துக் கோப்பைத் திருப்பிக் கொடுக்க எடுத்தார். கொடுக்குமுன் பழைய மனுவின் பிரதியைத் திறந்து, பேனையால் தன் பெயரைக் குறுக்கே வெட்டினார்.

“முதல் கையெழுத்து என்ரை. முதல் வெட்டும் என்ரை. மிச்சத்தை நீங்கள் பாருங்கோ.”

கோப்பைச் சண்முகநாதனின் கையில் வைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனார்.