தாடைக்குள் கரைந்த சோளம்

புரட்டாசிச் சனிக்கிழமை. ராஜபாளையத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நெற்றி நிறைய நாமம், கொம்பு மீசை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதமாம். நாக்கால் தாடையின் ஒரு மூலையை நெருடிக்கொண்டே வந்தார்.

பல் பிடுங்கிய குழியில் எலும்பு வளர டாக்டர் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறாராம். “தானாக் கரைஞ்சிரும்னாரு. கரைஞ்சு எங்க சார் போகும்?”

நான் கல்லூரியில் பாலிமர் பாடம் நடத்துகிறவன். கேட்டால் சும்மா இருப்பேனா?

“அது ஒரு பாலிமர், எலும்பு பிடிச்சு ஏற கட்டுன சாரம். உடம்புத் தண்ணி அதைக் கொஞ்சங்கொஞ்சமா அறுக்கும். கடைசியில தயிர்ல இருக்கிற அதே புளிப்பா மாறும். உடம்பு அதை எரிச்சு மூச்சுல விட்டுரும்.”

“எதுல செய்யுதாக?”

“பெரும்பாலும் மக்காச்சோளச் சர்க்கரையில. சுத்த சைவம்!” என்றேன் பெருமையாக.

அவர் முகம் தொங்கிப்போனது. “அப்போ நான் வெறும் வயித்தோட வாரேன், இது உள்ள உக்காந்து சோளமும் தயிருமா ஊட்டிக்கிட்டு இருக்கா?”

“அது சாப்பாட்டுல சேராதுங்க.”

“உடம்பு எரிக்குதுன்னு நீங்கதான சொன்னீக?”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலுக்கு வெளியே வடைத் தட்டு வந்தது. “விரதந்தான் எப்பவோ போச்சே” என்று வாங்கி, புண் இல்லாத பக்கமாக நிதானமாக மென்றார். “பெருமாள் கேட்டா உங்களைக் கைகாட்டிருவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாலிமர் எதனால் சிதைகிறது என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன். அந்த விரதம் சிதைந்தது என் பாடத்தாலா, வடை வாசத்தாலா என்று கேட்டால் இன்றும் முழிக்கிறேன்.