கப்பலேறிய பிடரிகள்

அன்று காலையிலிருந்தே சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டையை இரண்டு முறை மாற்றினார். ஊரார் முகத்தையெல்லாம் பதமாக வழித்துவிடுகிறவர், தன் முகத்தை வழிக்கும்போது தாடையில் கீறிக்கொண்டார். "கல்யாண மாப்பிள்ளைகூட இப்படிப் பதறமாட்டான்," என்று படிகாரக் கட்டியை எடுத்து நீட்டினாள் மனைவி. கடைக் கதவில் விடுமுறை அட்டையை மாட்டியவர், அதைத் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பேருந்து நிறுத்தத்தில்தான் உணர்ந்தார். திரும்பிப் போய்ச் சரிசெய்ய அவருக்குப் பொறுமை இல்லை.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்குள் ஒரு பழைய கப்பல்துறை இருக்கிறது. போர்க்காலத்தில் வீரர்களை அங்கிருந்துதான் கப்பலேற்றி அனுப்பினார்கள். அதன்பிறகு வெளியார் யாரையும் உள்ளே விட்டதில்லை. இப்போது அதைப் போர் நினைவிடமாக்கி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். சலூன்காரரின் அப்பாவுக்கும் முடிவெட்டும் தொழில்தான். வாலிப வயதில் அந்தத் துறையிலேயே நாற்காலி போட்டு, கப்பலேறப் போகிறவர்களுக்கு முடி வெட்டினேன் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதை நம்பியவர் மகன் ஒருவர்தான். நம்பாதவர்களுக்கெல்லாம் தலைவர், மனைவியின் அண்ணன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குப் பெயரே மீட்டர்தான். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவார். சொந்தத் தங்கை வீடென்றாலும் ஒரு யூனிட் குறைக்கமாட்டார். பொய் அவர் நாக்குக்குப் பழக்கமில்லாத சாமான். அதனாலேயே அடுத்தவர் வாயில் அது இருப்பதாகத் தோன்றினால் விடாமல் துருவுவார்.

பேருந்திலும் துருவினார். "மாப்பிள்ளை, நான் கேக்கிறது ஒண்ணுதான். ஆதாரம்னு ஏதாச்சும் இருக்கா? உங்க அப்பா முடி வெட்டினாரோ இல்லையோ, எல்லார் காதுலயும் நல்லா பூ சுத்தினார்."

"இன்னிக்குத் தெரிஞ்சிடும் மச்சான்."

"எப்படித் தெரியும்? வெட்டின முடியக் கூட்டி அள்ளி வெச்சிருப்பாங்களா?"

ஜன்னலோரம் இருந்த மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரி, அதையும் விடுங்க. அவர் வெட்டி அனுப்பின ஆளுங்க ஒருத்தர் விடாம உசுரோட திரும்பி வந்தாங்கன்னு வேற சொன்னாரே. எல்லாரும் வந்துட்டா அப்புறம் நினைவிடம் எதுக்குங்க கட்டுறாங்க?"

இதைக் கேட்டதும் சலூன்காரர் கையிலிருந்த பயணச்சீட்டை நான்காக மடித்தார். அரைக்கால் சட்டை வயதில் அப்பாவிடம் அவர்தான் கேட்டார், "அவங்கல்லாம் திரும்பி வந்தாங்களாப்பா?" என்று. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே, "எல்லாரும் வந்தாங்கடா. வந்து மறுபடியும் என்கிட்டதான் வெட்டிக்கிட்டாங்க," என்றார். அப்பா பொய் சொல்லியிருப்பார் என்று நினைக்கவே சலூன்காரருக்குப் பொறுக்காது. ஒரு நூல் பிரிந்தால் துணி முழுக்கப் பிரிந்துவிடும். அப்பா அந்தத் துறையில் நின்றதற்கு ஒரே ஒரு அடையாளம் கிடைத்தால் போதும், செத்தவருக்கு இருக்கும் புளுகர் பட்டம் போய்விடும் என்றுதான் அவர் கிளம்பியிருந்தார்.

துறையைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பெரிய கருங்கல் பாளங்கள். கப்பலைக் கட்டிப்போடும் இரும்பு முளைகள், கயிறு உராய்ந்து இடுப்பு தேய்ந்து நின்றன. விளிம்பு நெடுகப் பெயர்கள் வெட்டியிருந்தார்கள். குனிந்து படிக்கிறவர்களை விலக்கிக்கொண்டு சலூன்காரர் அங்குமிங்கும் ஓடினார். "நிழல் இங்கதான் விழுது, இங்கதான் நாற்காலி போட்டிருப்பார்," என்பார். அடுத்த நிமிடம், "இல்ல இல்ல, தண்ணிக்குழாய் அங்க இருக்கு பாருங்க, அங்கதான்," என்பார்.

"அந்தக் குழாய் பிளாஸ்டிக், மாப்பிள்ளை," என்றார் மீட்டர்.

துறையை ஒட்டிய சரக்குக் கிடங்கைக் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். தொப்பி, தண்ணீர்க்குடுவை, துருப்பிடித்த லாந்தர் எல்லாம் இருந்தன. முடிவெட்டும் கத்திரி ஒன்றுகூட இல்லை. சலூன்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. மீட்டர் வாயைத் திறக்கப் போவதைப் பார்த்து, அவர் பேச்சுக்குத் தப்பிக் கோடிச் சுவர்ப்பக்கம் நடந்தார்.

அந்தச் சுவர் முழுக்க ஒரே புகைப்படம். வீரர்கள் வரிசையாகக் கப்பலின் ஏணிப்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. முன்னால் நின்ற குடும்பம், மூஞ்சியே தெரியாத படத்தை எதற்கு இவ்வளவு பெரிதாக மாட்டினார்கள் என்று அலுத்துக்கொண்டு நகர்ந்தது. சலூன்காரர் நகரவில்லை. மனிதரைப் பின்னாலிருந்து பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் அவர்.

"இங்க வாங்க மச்சான்," என்றார். கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. "பிடரியப் பாருங்க."

தொப்பிக்குக் கீழே, முடி முடிகிற இடத்தில், கத்தி இழுத்த கோடு, எல்லாப் பிடரியிலும் ஒரே சாய்வாக. எல்லா முடிவெட்டுகிறவர்களும் அதை நேராக இழுக்கத்தான் பாடுபடுவார்கள். அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் இழுத்தால் கோடு வலப்பக்கம் ஒரு விரற்கடை மேலே ஏறிவிடும். யாராவது குறை சொன்னால், "கோடு நேராத்தான் இருக்கு, உன் கழுத்துதான் சாஞ்சிருக்கு," என்று வாயை அடைத்துவிடுவார். அவரிடம் தொழில் படித்த மகன் வலது கைக்காரர். ஆனாலும் அதுதான் அழகு என்று நினைத்து அதே சாய்வையும் சேர்த்தே படித்துக்கொண்டார். உலகத்தில் இந்தத் தப்பைச் செய்த கடை அந்த ஒன்றுதான்.

மீட்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கினார். ஒவ்வொரு பிடரியாக விரல் வைத்து நகர்ந்தார். அவசரப்படவில்லை. வரிசை முடிந்ததும் அவர் கை தானாகத் தன் பிடரிக்குப் போய்த் தடவிப் பார்த்தது. தங்கை கல்யாணமான நாளிலிருந்து அதுவும் மாப்பிள்ளை கையால் சாய்ந்த பிடரிதான்.

"ரீடிங் சரியா இருக்கு, மாப்பிள்ளை," என்றார். "உங்க அப்பா இங்க நின்னிருக்கார்."

சலூன்காரர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினார். சிரித்தார். பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்து நிறுத்தி, "எங்க அப்பா வெட்டினது சார், இத்தனை தலையும்," என்று காட்டினார். அந்த ஆளும் மரியாதைக்குத் தன் தலையைத் தடவிக்கொண்டு போனார். சந்தோஷத்தில் சலூன்காரருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "படத்துக்குக் கீழ பலகையில என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு படிங்க மச்சான்," என்றார்.

மீட்டர் குனிந்தார். உதடு அசையப் படித்தார். பலகையில் எழுத்து ஏழெட்டு வரி ஓடியது. கடைசி வரியில் அவர் விரல் நின்றது. பிறகு அந்த வரியை மறைத்தாற்போல உள்ளங்கையாக விரிந்தது. நிமிர்ந்தபோது அவர் படத்தைத்தான் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் பத்திரமாத் திரும்பி வந்துட்டாங்கன்னு போட்டிருக்கு," என்றார்.

மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். சலூன்காரர் துடைத்து முடித்த கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்பாவும் அதைத்தான் சொன்னார் மச்சான்," என்றார்.