அப்பா சாப்பிடாத சாமைச் சோறு

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் எங்கள் நிலம் முழுக்கச் சாமைதான். விதைப்பதும் அறுப்பதும் அப்பா. ஆனால் ஒரு கவளம் வாயில் வைக்க மாட்டார். "ஊருக்கெல்லாம் சாமை, இவருக்கு மட்டும் தனியா களி கிண்டணும்" என்று அம்மா தினமும் குத்திக்காட்டுவாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் வேலை. அப்பா கப்பலேறி எங்களைப் பார்க்க வந்தார். இளவயதில் அதே தீவுக்கு மரம் வெட்டப் போய், யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்ததும் மாட்டிக்கொண்டவர் அவர். அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். வந்த மறுநாள், மூட்டையிலிருந்து சாமை அரிசியை எடுத்துக் கொடுத்தார்.

"இத்த ஆக்கு கண்ணு. கடல் உள்ள பூந்து வர்ற குகை ஒண்ணு கீது. அங்க போவணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆக்கித் தூக்கில் எடுத்துக்கொண்டேன்.

படகு குகைக்குள் நுழைந்தது. வெளியே அடித்த வெயில் தண்ணீருக்கடியில் புகுந்து, பாறைக் கூரையில் நீலமாக நெளிந்தது. என் கைகூட நீலம். தூங்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி கடல் மெல்ல உள்ளே வந்தது, மெல்லப் போனது. எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

அப்பா இறங்கி ஒரு பாறைத் திட்டைத் தடவினார்.

"இங்கதான் நானும் என்கூட மரம் வெட்டின ஒருத்தனும் குந்தினு இருந்தோம். மேல வெள்ளக்காரன் ப்ளேன் குண்டு போட்டுனே இருக்கும். அவன் செங்கத்துக்காரன். பசி தாங்காம, 'உங்க மலைல இன்னா சாப்புடுவீங்க, சொல்லு'ம்பான். சாமைச் சோத்தப் பத்தியே சொல்லினு இருப்பேன். வூட்டுக்குப் போனா மொதல் சோறு உனக்கு, அப்புறம்தான் எனக்குன்னேன். ஒரு நா காலைல எழுப்பினேன். அவன் எழுந்திருக்கல."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்தோமே.

இலை போட்டுச் சோற்றைத் திட்டின்மேல் வைத்தார். தண்ணீர் ஏறுகிறது என்று படகுக்காரர் கூப்பிட்டார். அப்பா அசையவில்லை. கடைசியில் ஓர் அலை அவசரமில்லாமல் வந்து இலையோடு எடுத்துக்கொண்டு போயிற்று.

படகில் உட்கார்ந்ததும் என் பக்கம் கையை நீட்டினார்.

"பசிக்குது கண்ணு. மிச்சம் கீதா?"