கோதுமைக்கு நான் தராத லீவு

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பதினோரு வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் நிலமும் உண்டு. என்னிடம் வேலை செய்த ஒருவருக்கு நான் செய்ததை, என் மனைவியைத் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அவர் மத்தியப் பிரதேசத்தில் மழை குறைந்த ஒரு பகுதியிலிருந்து வந்தவர். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். உலையிலிருந்து சிவப்பாக வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிற வேலை. ஊரில் அவருக்கு இரண்டு ஏக்கர் கோதுமை நிலம். மனைவியும் வயதான தாயும் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நிலத்தில் வரப்பு போட ஆள் கிடைக்கவில்லை. அவரே வருவதாகச் சொல்லி ரயில் ஏறி வந்தார். எங்கள் பக்கம் கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறி வருகிறது. என் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய் நாலு வருடமாகிறது. அவர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"சார், உங்களுக்கு உப்பு. எங்களுக்குச் சூடு" என்றார்.

வரப்பில் உட்கார்ந்து அவருக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். முன்பெல்லாம் மார்ச் வரை குளிர் இருக்குமாம். இப்போது பிப்ரவரியிலேயே வெயில் ஏறிவிடுகிறது. மணியில் பால் பிடிக்கிற நேரத்தில் அனல் காற்று அடித்தால் கோதுமை சுருங்கிப்போகும். அதனால் சீக்கிரம் விளைகிற விதையாக வாங்கி, உழாமல், மழை விட்டுப்போன ஈரத்திலேயே நவம்பர் முதல் வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். போன வருடம் அரை ஏக்கரில் செய்து பார்த்ததில் மணி திரண்டு வந்ததாம். இந்த வருடம் இரண்டு ஏக்கரும் அப்படித்தான் என்றார்.

"ஈரம் போனா கோதுமை போச்சு சார். அவ்ளோதான்."

அவர் பேச்சைக் கேட்டுத்தான் நானும் துணிந்தேன். உப்பு தாங்கும் நெல் ரகம் ஒன்றை வாங்கி, போர் தண்ணீரை நம்பாமல், செப்டம்பரில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தேன். அதற்கு நாலு நாள் லீவு எடுத்தேன். அந்த நாலு நாளும் என் ஷிப்டில் எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அக்டோபர் கடைசியில் லீவு லெட்டரோடு வந்து நின்றார். இருபது நாள் கேட்டிருந்தார்.

"ஊர்ல வெதைக்கிற மெஷின் ஒண்ணுதான் சார். என் வீட்டம்மா மூணு தடவ போய்க் கேட்டாச்சு. பொம்பள கேட்டா வர மாட்டான். நான் போய் நிக்கணும்."

தீபாவளிக்கு உள்ளூர் ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். பெரிய ஆர்டர் ஒன்று முடிய வேண்டியிருந்தது. "மேனேஜர்கிட்ட சொல்றேன். நீ வேலையப் பாத்துக்கினு இரு" என்றேன்.

மேனேஜரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவருக்குப் பதில் ஆள் எங்கே என்று என்னைத்தான் கேட்பார். ஆர்டர் தவறினால் என் தலைதான் உருளும். லெட்டரை மேசை டிராயரில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் கேட்டபோது, "மேனேஜர் ஒத்துக்கல பய்யா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் போனில் மனைவியிடம் மெஷின்காரனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இந்தி அரைகுறைதான். இருந்தும் அது புரிந்தது.

ஆர்டர் முடிந்து அவரை அனுப்பியபோது டிசம்பர் பிறந்திருந்தது. ஈரம் காய்ந்துபோன மண்ணில் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சி விதைத்துவிட்டுத் திரும்பினார். பிப்ரவரி வரை போனில் பச்சை வயலைக் காட்டினார். பயிர் நன்றாகத்தான் தெரிந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு வாரம் அனல் காற்று அடித்தது. ஏப்ரலில் அறுப்புக்குப் போய்விட்டு வந்தவர் எனக்கு ஒரு பை கோதுமை கொண்டுவந்தார். மணிகள் சீரகம் மாதிரி சுருங்கிக் கிடந்தன. பக்கத்து நிலத்துக்காரர் நவம்பரில் விதைத்தாராம்.

"அவருக்கு நல்லா வந்துச்சு சார். நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மேனேஜர் அப்படி. இன்னா பண்றது" என்றேன்.

வீட்டில் மனைவி கோதுமையை மாவு மில்லுக்கு எடுத்துப்போய்த் திரும்பி வந்தாள். எல்லாம் தவிடாக விழுகிறது என்று மில்காரர் சொன்னாராம். யார் கொடுத்தது என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ நாலு நாள் லீவு போட்டுக்கினு வெதச்சியே, உனுக்கு யார்னா இல்லன்னு சொன்னாங்களா?" என்றாள்.

என் நெல் அந்த வருடம் சுமாராக விளைந்தது. அந்த அரிசிச் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த அக்டோபரில் அவர் கேட்பதற்கு முன்பே மேனேஜரிடம் போனேன். ஒரே நிமிடப் பேச்சு. "போவட்டுமே, ஆள மாத்திப் போட்டுக்கோ" என்று கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமா என்று அந்தக் கையெழுத்தையே திரும்பப் பார்த்தேன். முந்தின வருடமும் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. இனி அது எனக்குத் தெரியப்போவதில்லை.

உலைப் பக்கம் போய் அவரைக் கூப்பிட்டு, "இருபது நாள் லீவு வாங்கிட்டேன், நாளைக்கே கெளம்பு" என்றேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"வேணாம் சார். நெலத்தப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டாச்சு. அம்மா தம்பி வீட்ல. வீட்டம்மாவும் இங்க வந்துட்டா, மீன் கம்பெனில வேலை."

கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"லீவு வேணாம். தீபாவளிக்கு ஓவர்டைம் இருந்தா என் பேர் போடுங்க" என்றார்.

போட்டேன்.