பாஞ்சாலி கூட்டிய கிணற்றுக் கூட்டம்

பாஞ்சாலி என்ற பேரை நான் முதலில் கேட்டது என் மாமியார் வாயால். சின்ன மகன் சீனுவாசனுக்கு வளவனூரில் பெண் பார்த்துவிட்டு வந்தவர், மூத்த மருமகளான என்னிடம், "பேரு பாஞ்சாலி. உன்ன மாதிரி இல்ல, சிரிச்ச மொகம்" என்றார். அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊரில் குடிக்க ஒரே படிக்கிணறு. என் வீட்டுக்காரர் நடராசன் பட்டாவில் இருந்தது. எல்லோரும் படியிறங்கி, தண்ணீரில் கால் வைத்துத்தான் மொள்வோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைக்கிற நேரத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் காலில் நரம்புச்சிலந்தி வந்துவிடும்; கால் வீங்கிப் புண்ணாகி நூல் மாதிரிப் புழு வெளியே வரும். சீனுவாசன் மூன்று வருசம் ஏர் பிடிக்கவில்லை.

அறுபத்தொன்றில் யூனியன் ஆபீசர் வந்தார். சிலந்திக் கால் பட்ட தண்ணீரைக் குடித்தால் அடுத்த வருசம் குடித்தவருக்கும் வரும், படியை மூடி ராட்டினம் போடுங்கள், கல்லும் சிமெண்டும் சர்க்கார் தரும், ஆளும் வண்டியும் ஊர் தரவேண்டும் என்றார். குடியானத் தெரு, நெசவுத் தெரு, காலனி மூன்றும் ஒன்றாக உட்கார மாட்டேன் என்று ஆறு மாசம் ஓடியது.

சீனுவாசனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பாஞ்சாலி கிணற்று மேட்டிலேயே கூட்டம் போட்டாள். வீங்கின காலோடு யாரால் நிற்க முடியும்? மூன்று தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது.

"சிலந்தி வந்தவங்க மட்டும் பேசுங்க. மத்தவங்க கேட்டுக்கினு இருங்க" என்றாள்.

"ஏம்மா, கெணத்துக்காரன் நானே பேசக்கூடாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கு வந்துச்சா மாமா?"

"வரலியே."

"வந்தப்புறம் பேசுங்க."

ஊரே சிரித்தது. நெசவுத் தெரு வண்டி தந்தது. காலனி, ஒரு ராட்டினம் தங்கள் பக்கம் வேண்டும் என்று சொல்லி ஆள் தந்தது. கிணற்றுக்காரரான என் வீட்டுக்காரர் கையெழுத்துதான் பாக்கி. "வீட்ல கேட்டுக்கினு சொல்றேன்" என்று வந்துவிட்டார்.

எனக்கும் சிலந்தி வந்ததில்லை. ஊர் அவள் பேச்சைக் கேட்க, மூத்தவள் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதா? அடுத்த கூட்டத்துக்கு, காலில் வேப்பிலை அரைத்துப் பூசித் துணி சுற்றிக்கொண்டு நொண்டியபடி போனேன். படியை மூடவே கூடாது என்று சொல்லத்தான் போனேன். ஒரே வீட்டில் இருக்கிற பாஞ்சாலிக்கு அது வேஷம் என்று தெரியாதா? என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அக்காவும் பேசட்டும்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் நெசவுத் தெரு அஞ்சம்மாள் கத்தினாள்: "அய்ய, பெரிய மருமவளே, ஒனக்குமா! இன்னுமா ஒன் வூட்டுக்காரரு யோசன பண்ணிக்கினு இருக்காரு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காலையில் நன்றாக இருந்த கால் என்று அவருக்குத் தெரியும். ஊர் முன்னால் சொல்வாரா? சிலந்தி வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டு, மூடாதே என்று நானும் எப்படிச் சொல்வது?

"மூடிடுங்க" என்றேன். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மூன்று ராட்டினம் வந்தது. இரண்டு விதைப்புக்குள் சிலந்தியும் போனது. விழுப்புரம் மாதர் சங்கக் கூட்டத்தில் பாஞ்சாலிக்கு மாலை போட்டார்கள். நான் கை தட்டவில்லை. என் காலைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

பாஞ்சாலி இப்போது திண்டிவனத்தில் இளைய மகள் காந்திமதி வீட்டில் இருக்கிறாள்.