கூரையிலிருந்து கழற்றிய விளக்கு

கேரளத்துப் போனக்காட்டிலிருந்து விதுரைக்கு இறங்கும் மலைப் பாதையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். கொரோனா எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு மழைக்காலம். தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்ட ஒரு கான்ட்ராக்டர் எங்களைக் கூட்டிப் போயிருந்தார். மழை வலுத்ததும் வேலை நின்றுவிட்டது. மற்றவர்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே படுத்துக் கிடந்தார்கள். எனக்குச் சும்மா உட்கார வராது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாங்குநேரியிலிருந்து கிளம்பியவன் நான். ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராக ஓடியிருக்கிறேன், கான்கிரீட் சுமந்திருக்கிறேன். திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தால் ஏதாவது கிடைக்கும் என்பதைத் தவிர அன்று வேறு யோசனை இல்லை.

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தோட்டத்துக்கு ஆளும் அரிசியும் ஏற்றி இறக்குகிறவர். எங்களைப் போலத் தென் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்களின் வம்சம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணாச்சி, நடந்தா விதுரை எத்தும்போ இருட்டிப் போகும். கேறுங்க."

பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போய், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். முந்தின முறை பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் போக முடியவில்லையாம். கால்கள் வீங்கியிருந்தன. சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று முன்பக்கம் குனிந்தபடியே வந்தார். மதியத்துக்குப் பிறகு அவருடைய முறை. அன்றும் தவறினால் உடம்பு தாங்காது.

ஜீப்பின் கூரையில் ஒரு குழாய் பொருத்தி, நான்கு எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக மாட்டியிருந்தார் தம்பி. புதுசு. அதற்காக, பம்பருக்குக் கீழே முன்பு இருந்த மஞ்சள் விளக்குகளைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டாராம்.

"சனி, ஞாயிறு டூரிஸ்ட் பிள்ளைங்க வருவானுங்க அண்ணாச்சி. மேல லைட்டு உள்ள ஜீப்பைத்தான் போட்டோ எடுப்பானுங்க, அதுலதான் கேறுவானுங்க. லைட்டு இல்லைன்னா நம்மளது வெறும் அரிசி வண்டி."

அக்கா மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட வீட்டுல இத்தனை லைட்டு எரியல, கேட்டோ."

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மூடுபனி இறங்கியது. பள்ளத்திலிருந்து புகை மாதிரி எழும்பி வந்து, நடுப்பகலிலேயே பாதையை விழுங்கிவிட்டது. ஹெட்லைட் போதவில்லை. தம்பி கூரை விளக்குகளைப் போட்டார். பாதை தெரிவதற்குப் பதிலாக, கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பியது. ஜீப்பின் பானெட்டு மட்டும் பளபளவென்று தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

அவர் வேகத்தைக் குறைத்தார். ஆனாலும் வண்டி இடதுபக்கமாகச் சரிந்தது. "நிறுத்து" என்று கத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தில் பாதி, பாதையின் விளிம்புக்கு வெளியே நின்றது. கீழே புல் தெரிந்தது. புல்லுக்குக் கீழே பனிதான்.

தம்பி ரிவர்ஸ் எடுத்து வண்டியை நிறுத்தினார். "மஞ்சு விலகட்டும், பதுக்கே, மெல்லப் போகலாம்" என்றார். விலகுகிற மாதிரி இல்லை. அக்காவின் மூச்சில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.

"முதல்ல அந்த லைட்டை அணை" என்றார் அக்கா.

அணைத்ததும் சுவர் போய்விட்டது. சாம்பல் நிறமாக, சக்கரத்தை ஒட்டிய கொஞ்சம் தரை தெரிந்தது.

"கொழுந்து எடுக்கும்போ மஞ்சு வந்தா, நாங்க முன்னால பார்க்கவே மாட்டோம். பார்த்தா தலை சுத்தும். அவங்கவங்க காலடியைத்தான் பார்ப்போம். வரிசை தானா முடியும்." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கைந்து மூச்சு வேண்டியிருந்தது. "காலடிக்கு ஒரு வெளிச்சம் காட்டுடா. ஆகாசத்துக்கு எதுக்கு?"

நான் ஓடிய லாரியில் பனிக்கான விளக்கு பம்பருக்குக் கீழே இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்பேனரை வாங்கிக் கூரையில் ஏறினேன். மூன்று விளக்குகளின் இணைப்பை எடுத்துவிட்டு, நான்காவதைக் கழற்றினேன். வயர் பானெட்டுக்குள்ளிருந்து கூரை வரை ஏறி வந்ததால் நல்ல நீளம் இருந்தது. ஜீப்பின் இடதுபக்க மட்கார்டு பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து, ஒரு கையால் பானெட்டுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் விளக்கை பம்பருக்குக் கீழே தொங்கவிட்டேன். விளக்கின் முகத்தைத் தரை பக்கமாகத் திருப்பினேன். பாதையின் இடது ஓரம், ஓரத்துப் புல், உடைந்த தார் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஓர் ஆள் நீளம்தான் தெரிந்தது. அது போதும்.

ஆனால் அந்த ஓரம் டிரைவர் சீட்டிலிருந்து தெரியவில்லை. நான் சொல்வதும் இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அக்காதான் அதற்கும் வழி சொன்னார். கதவில்லாத இடதுபக்கம் தலையை நீட்டி, வெளிச்சம் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டார். பேச மூச்சு இல்லை. தம்பியின் தோளில் கை வைத்துக்கொண்டார். தட்டினால் வலதுபக்கம் திருப்ப வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நிற்க வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் நேராகப் போகலாம்.

நடக்கிற வேகத்தில் இறங்கினோம். விளக்கின் முதுகு சுட்டது. இந்த விளக்குகளில் சூடெல்லாம் பின்பக்கம்தான் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கையை மாற்ற முடியாது. மாற்றினால் வெளிச்சம் ஆடும். அக்காவின் தலை என் பக்கத்திலேயே இருந்தது. அவர் ஒருதடவைகூட நிமிரவில்லை. வீங்கிய காலோடு, மூச்சுக்குத் திணறிக்கொண்டு, தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வனத்துறை செக்போஸ்ட்டுக்கு வரும்போது பனி தலைக்கு மேலே போயிருந்தது. நான் உள்ளே ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு தம்பி வண்டியை நிறுத்தவே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது அக்காவின் மெஷின் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. "எந்தா சேச்சி, இத்ர வைகியது?" என்று தாமதத்துக்குக் காரணம் கேட்டபடியே நர்ஸ் ஆக்ஸிஜனை மாட்டிவிட்டார். கடைசியாக ஒரு மெஷின் காலியானது. அதில் படுக்க வைத்தார்கள். தம்பி என்னைப் போக விடவில்லை. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் படுக்கும் வராந்தாவில் நானும் படுத்துக்கொண்டேன்.

காலையில் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "மருந்து போட்டியா?" என்று கேட்டார். பிறகு தம்பியிடம், "கீழ லைட்டு இல்லாம இந்த வண்டி மலை கேறினா, நான் பஸ்சுல போய்க்கிறேன்" என்றார். தம்பியும் நானும் விளக்குக் கடைக்குக் கிளம்பினோம்.

பழவங்காடிப் பக்கம், அந்தக் கூரை விளக்குகளை மாட்டிவிட்ட அதே கடை. உரிமையாளர் தமிழர். தம்பி கேட்டதும், "அதுக்கென்ன, கூடுதல் பவர் உள்ளதை மாட்டிடலாம்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். நான் பேட்டரியில் தொட்டுக் காட்டச் சொன்னேன். கடையின் இருட்டான பின்சுவரில் அது பெரிய வட்டமாக, மேலும் கீழும் பரவி விழுந்தது. இன்னொன்றைத் தொட்டார். வெளிச்சம் குறைவுதான். ஆனால் மேல்பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது; அகலமாகக் கீழே மட்டும் விழுந்தது. அதில்தான் ரெண்டு எடுத்தோம். கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. நிறத்தைவிட, எங்கே மாட்டுகிறோம், எப்படிச் சரிக்கிறோம் என்பதுதான் காரியம் என்றார் கடைக்காரர். கூரையில் மாட்டினபோதே இதை ஏன் சொல்லவில்லை என்று தம்பி கேட்டார்.

"நீ போட்டோவுக்குல்ல லைட்டு கேட்ட? ரோட்டைப் பத்திப் பேசவே இல்லையே."

தம்பி காசை எண்ணி வைத்தார். பம்பருக்குக் கீழே நான் படுத்து, கொப்புளம் இல்லாத கையை மட்டும் வைத்துக்கொண்டே ரெண்டையும் மாட்டினேன். கடைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஃபிட்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டாராம். "பணி தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது, கற்றுக்கொள்ளலாம் என்றேன். கை ஆறினதும் வா என்பார் என்று நினைத்தேன். அடுத்த வண்டி வந்து நின்றது. "ஸ்பேனரை எடு" என்றார்.

இருப்பதிலேயே பிரகாசமானதைக் கொடு என்று கேட்டு வருகிறவர்களிடம், எந்த ரோட்டில், யாரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று முதலில் கேட்க அந்தக் காலையில் தொடங்கினேன். கேட்கும்போதெல்லாம், வண்டிக்கு வெளியே தலையை நீட்டி ஓர் ஆள் நீளத் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு உயிரோடு இறங்கி வந்த அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.