அவர் அவிழ்த்த கயிறு

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒருவர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிரானைட் கற்கள் ஏற்றிக்கொண்டு போனேன். என் வேலை லாரி ஓட்டுவது. இறக்குவதற்கு ஆள் வைப்பது வாங்குகிறவர் பாடு. போய்ப் பார்த்தால் அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"ஆளுங்க இன்னா சார் ஆனாங்க?" என்றேன்.

"வாடகையிலயே இறக்குறதும் சேர்த்திதானே? நீங்களே மெதுவா இறக்கிடுங்க."

இந்த 'மெதுவா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு கல்லும் ஆள் உயரம். நிற்கவைத்துக் கயிற்றால் கட்டியிருந்தோம். போதாக்குறைக்கு, மழையில் ஊறிய மண்ணில் லாரியின் இடப்பக்கச் சக்கரங்கள் புதைந்திருந்தன.

"வண்டி சாஞ்சிகினு கீது சார், கயித்த தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேலே ஏறி அந்த இடப்பக்கமாகவே நின்றேன். அவர் மறுபக்கம் போய் முடிச்சை அவிழ்த்துவிட்டார். இவ்வளவுதான் வேலை என்று எனக்குக் காட்ட நினைத்தாரோ என்னவோ.

ஓரத்துக் கல் என் பக்கம் சாய்ந்தது. சட்டென்று திரும்பி முதுகைக் கொடுத்து, லாரியின் பக்கக் கதவில் காலை ஊன்றினேன். கூப்பிட முடியவில்லை. மூச்சை இழுத்தால்கூடக் கல் நகரும் என்று பயம்.

அந்தப் பக்கம் அவர் போனில் பேசுவது கேட்டது.

"கல்லு வந்துடுச்சும்மா. டிரைவர் நல்ல மாதிரி. இறக்க ஆரம்பிச்சுட்டாரு."